பட்டை போட்ட ஆட்டம்

என் பெயர் புனிதா. பெயருக்கேற்ற ஆள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்து மனம் நோக வேண்டாம். இருபத்தாறு வருடமாக ஸ்நூக்கர் ரெஃப்ரி வேலை. வெள்ளைக் கையுறை, கறுப்புக் கோட்டு, மேஜையைச் சுற்றி நாளுக்கு ஆறேழு கிலோமீட்டர் நடை. பந்தைத் துடைத்து வைப்பேன், புள்ளியை உரக்கச் சொல்வேன், யாராவது இருமினால் முறைப்பேன். என் மாமியார் ஒரே ஒரு தடவை ஆட்டம் பார்க்க வந்தார். "பிராகாரம் சுத்தற மாதிரி சுத்திக்கிட்டே இருக்கே, வரம் மட்டும் வேற யாருக்கோ போவுது" என்று சொல்லிவிட்டு இடைவேளையிலேயே கிளம்பிவிட்டார்.

ஆனாலும் எனக்கென்று ஓர் அதிகாரம் இருந்தது. ஸ்நூக்கரில் 'மிஸ்' என்று ஒரு விதி உண்டு. அடிக்க வேண்டிய பந்தைத் தொடாமல் விட்டால் ஃபௌல், அதற்கு அபராதப் புள்ளி. அதுவரை சரி. அதற்கு மேல், அந்த ஆள் உண்மையிலேயே முயன்றாரா என்று ரெஃப்ரி தன் மனசாட்சியைக் கேட்டுச் சொல்ல வேண்டும். முயலவில்லை என்று பட்டால் மிஸ். பந்துகளைப் பழைய இடத்தில் வைத்து மறுபடி அடிக்கச் சொல்லலாம். ஒரு மனிதன் முயன்றானா, முயன்ற மாதிரி நடித்தானா என்று பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்வது கல்யாணமாகி முப்பது வருடமானவர்களுக்கே கைவராத காரியம். நான் அதைத் தினமும் செய்தேன். எத்தனை தடவை தப்பாகச் சொன்னேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

சரி, ஒரு தடவையைச் சொல்கிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால் கோவையில் நடந்த ஓர் ஆட்டம். அடைக்கலம் என்ற தூத்துக்குடிக்காரருக்கு அடுத்தடுத்து மூன்று மிஸ் கொடுத்தேன். மூன்றாவதோடு ஃபிரேமே, அதாவது ஆட்டத்தின் அந்தப் பகுதியே, எதிராளிக்குப் போய்விட்டது. அந்தச் சுற்றும் போய்விட்டது. மனிதர் மனதார முயன்றிருந்தார். ஒளிப்பதிவை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோதுதான் எனக்கே அது தெரிந்தது. அவர் சண்டைக்கு வரவில்லை. வெளியே வந்து, "சாப்ட்டியளாக்கா?" என்று கேட்டார். திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். இந்தக் கேள்வி ஆறு வருடமாக என் தொண்டையிலேயே நிற்கிறது. அந்த ஒளிப்பதிவைத்தான் சங்கக் கூட்டத்தில் போட்டுக் காட்டி, மனிதக் கண்ணை நம்பினால் இதுதான் கதி என்று தீர்மானம் போட்டார்கள். பட்டை அப்படித்தான் வந்தது.

நெற்றியில் கட்டும் இரண்டு விரல் அகல நாடா அது. அதிகாரப்பூர்வமான பெயர் 'மனமுனைப்பு அளவி'. அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு ஃபிரேம் முடிந்துவிடும் என்பதால் எல்லோரும் பட்டை என்றார்கள். "பட்டை போட்டாச்சா?" என்று நான் இருவரையும் கேட்டுவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். முதல் நாள் அடைக்கலம் அதைக் கட்டிக்கொண்டே, "எங்க குடும்பத்துல ஏழு தலைமுறையா யாரும் பட்டை போட்டது கிடையாது. நான்தான் முத ஆளு" என்றார். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர் அவர்.

அடிப்பதற்கு முந்தைய மூன்று நொடியில் மூளை எவ்வளவு முனைகிறது என்று பார்த்து, நூற்றுக்கு இத்தனை என்று பட்டை ஓர் எண் கொடுக்கும். முப்பதுக்கு மேல் பச்சை விளக்கு. கீழே போனால் சிவப்பு. மேஜையில் உருளும் பதினைந்து சிவப்பு போதாதென்று நெற்றியில் ஒன்று. முதலில் மிஸ் விதிக்கு மட்டும் என்றார்கள். ஆறே மாதத்தில் எல்லா அடிக்கும் என்று ஆக்கிவிட்டார்கள். சிவப்பு எரிந்தால் நான் 'முயலவில்லை' என்று உரக்கச் சொல்ல வேண்டும். ஒரே தொடரில் மூன்று தடவை எரிந்தால் அந்த ஆள் வேண்டுமென்றே தோற்கப் பார்த்தார் என்று பொருள். வாழ்நாள் தடை.

பட்டைகளைக் கவனித்துக்கொள்ள நிறுவனம் அனுப்பிய இன்ஜினியர் பிரகதீஷ். முப்பது வயது, நல்ல சுபாவம், பந்தை அடிக்கும் கோலான கியூவைக் கையில் பிடித்ததே இல்லை. எனக்குப் புரியாததை அவனிடமே கேட்டேன். அடிக்கிறவர் மனதில் எதை நினைத்து அடிக்கிறார் என்று இந்த நாடாவுக்கு எப்படித் தெரியும் என்று.

"எதுக்குன்னு தெரியாது மேடம், எவ்வளவுன்னுதான் தெரியும்" என்றான். "கடைல எடை மிஷின் இருக்கில்ல? அதுக்கு மேல இருக்கறது தக்காளியா கல்லான்னு தெரியுமா? கிலோதான் தெரியும். இதுவும் அப்படித்தான்."

"அப்போ யாராவது கல்லைத் தூக்கி வெச்சா?"

"கல்லைப் போய் யார் மேடம் கஷ்டப்பட்டுத் தூக்கிட்டு வரப்போறாங்க" என்று சிரித்தான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பட்டை வந்ததும் ஒரு வேடிக்கை நடந்தது. கை நடுங்குகிறவர்கள், ஒவ்வொரு அடிக்கும் குலதெய்வத்தைக் கூப்பிடுகிறவர்கள், மேஜையைப் பார்த்தாலே வியர்க்கிறவர்கள், இவர்கள் நெற்றியெல்லாம் பச்சைப் பசேலென்று எரிந்தது. கையில் ஆட்டம் ஊறிப்போனவர்கள் பாடுதான் திண்டாட்டம். அவர்கள் யோசித்து அடிப்பதில்லை. குனிவார்கள், பந்து விழும். மூளைக்கு அதில் வேலையே இல்லை. ஆகவே சிவப்பு. மேஜையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஒரு பந்தை அடைக்கலம் கண் சிமிட்டும் நேரத்தில் விழ வைத்தார். அரங்கமே கைதட்டியது. நான் 'முயலவில்லை' என்றேன். "விழுந்துட்டே" என்று பாவமாகக் கேட்டார். விழுந்தது சார், ஆனா நீங்க முயற்சி பண்ணல என்று பிரகதீஷ் விளக்கினான்.

கவலைப்படக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளர்கள் கிளம்பினார்கள். அடிப்பதற்கு முன் எதையாவது நினைத்துப் பயப்பட வேண்டும். ஆனால் கை உதறாத அளவுக்குப் பயப்பட வேண்டும். ஒருவர் தன் பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வை நினைத்துக்கொண்டார். இன்னொருவர் பல் டாக்டரை. அடைக்கலம் தன் மனைவி ஸ்டெல்லா பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கார் ரிவர்ஸ் எடுப்பதை நினைத்துக்கொண்டார். எண் நாற்பதைத் தாண்டியது. ஆனால் பந்து முன்போல விழவில்லை. பத்தொன்பது வருடம் தொழில்முறையாகப் பயமில்லாமல் ஆடிய மனிதர் தன் பிழைப்புக்காகப் பயப்படக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டதும் பயம் நிஜமாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. தரவரிசையில் முப்பதாவது இடத்திலிருந்து அறுபத்தைந்துக்கு இறங்கிவிட்டார்.

பட்டை ஸ்நூக்கரோடு நிற்கவில்லை. டியூஷன் சென்டர்களுக்குப் போனது. மருமகள் கிண்டிய உப்புமாவில் முயற்சி இருந்ததா என்று பார்க்க ஒரு மாமியார் வாங்கினாராம். விவாகரத்து வழக்கொன்றில் 'நான் முயன்றேன்' என்று சொன்ன கணவர் நெற்றியில் கட்டிப் பார்த்தார்கள். சட்டசபையில் கட்டிப் பார்க்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். சொன்னவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை.

கதைக்கு வருகிறேன். சோழமண்டலக் கோப்பை, பருவத்தின் கடைசித் தொடர். நாவலூரில் ஒரு மாலின் மூன்றாவது மாடியில் நடந்தது. முப்பத்திரண்டு பேர், நாக்-அவுட். தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். தரவரிசையில் முதல் அறுபத்து நான்கு பேருக்குத்தான் தொழில்முறை அட்டை. அடைக்கலம் இரண்டாவது சுற்றில் ஜெயித்தால் அட்டை தங்கும். தோற்றால் பறிபோகும். நாற்பத்து நான்கு வயதில், கண்ணாடி போட்ட கண்ணோடு, தகுதிச் சுற்று ஆடி மறுபடி உள்ளே வந்தவர் யாரும் கிடையாது. அவருக்கு வேறு வேலையும் தெரியாது. தவிர, முதல் சுற்றிலேயே இரண்டு சிவப்பு வாங்கிவிட்டார். இன்னும் ஒன்று எரிந்தால் அட்டை மட்டுமல்ல, பெயரும் போய்விடும்.

இன்னொரு விதியையும் சொல்லிவிட வேண்டும். உடையோ விரலோ பந்தில் பட்டால் ஸ்நூக்கரில் ஃபௌல். ரெஃப்ரி கண்ணில் படாவிட்டாலும் ஆடுகிறவர் தானே நிமிர்ந்து 'ஃபௌல்' என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துவிடுவார். இது எங்கள் வழக்கம். அடைக்கலம் இப்படித் தானாகச் சொல்லியே இரண்டு கோப்பையைக் கோட்டை விட்டவர். ஸ்டெல்லா அதற்கு வைத்திருக்கும் பெயர் வாய்க்கொழுப்பு. ஆனால் போன வருடம் எங்கோ ஓர் ஆள் இல்லாத ஃபௌலையெல்லாம் ஒப்புக்கொண்டு, ஒப்புக்கொண்டே ஓர் ஆட்டத்தைத் தோற்றுக் கொடுத்தான். உடனே விதி பதினொன்று பிறந்தது. தானாகச் சொல்லும் ஒப்புதல் இனிச் செல்லாது. கேமராவில் பதிவாகியிருக்க வேண்டும், அல்லது ரெஃப்ரி அந்த இடத்திலேயே பார்த்ததாகச் சொல்ல வேண்டும். யோக்கியமாக இருப்பதற்கும் சாட்சி வேண்டும் என்று ஆகிவிட்டது.

இரண்டாவது சுற்றில் அடைக்கலத்துக்கு எதிரே தில்ஷாத். ஆம்பூர்ப் பெண், இருபத்து மூன்று வயது, திறமைசாலி, பயந்தாங்கொள்ளி. தண்ணீர் குடிக்கும்போதுகூட அவள் பட்டை பச்சையாக எரியும் என்று கேலி பேசுவார்கள். அவளுக்கு இந்த ஆட்டம் போனாலும் அட்டை போகாது. மத்தியானம் இரண்டு மணிக்குத் தொடங்கினோம். ஏழு ஃபிரேமில் நான்கு ஜெயிக்க வேண்டும். மூன்றுக்கு மூன்று என்று வந்து நின்றது. அடைக்கலத்தின் எண்கள் முப்பத்தொன்று, முப்பத்து நான்கு, முப்பத்திரண்டு என்று விளிம்பிலேயே ஊர்ந்தன. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அவர் கண்ணை மூடி ஸ்டெல்லாவை ரிவர்ஸ் எடுக்க வைத்தார்.

ரெஃப்ரிக்கு யார் ஜெயித்தாலும் ஒன்றுதான் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. எனக்கு ஒன்றில்லை. அடைக்கலம் ஜெயிக்க வேண்டும் என்று என் உடம்பு முழுக்க வேண்டிக்கொண்டிருந்தது. என் நெற்றியில் பட்டை இருந்திருந்தால் மேஜை வெளிச்சமே தேவைப்பட்டிருக்காது.

கடைசி ஃபிரேம். மேஜையில் மிச்சம் இரண்டே வண்ணப் பந்துகள். ஆறு புள்ளி பிங்க், ஏழு புள்ளி கறுப்பு. இருவருக்கும் ஐம்பத்தைந்து. அடைக்கலத்தின் முறை. கியூவால் அடிக்க வேண்டிய வெள்ளைப் பந்து எட்டாத இடத்தில். அவர் மேஜை மேல் நன்றாகச் சாய்ந்து, ஒரு கால் அந்தரத்தில் தொங்க, நீட்டி அடித்தார். அந்தச் சாய்வில் அவருடைய வெயிஸ்ட்கோட்டின் கீழ் நுனி கறுப்பின் மேல் உரசியது. பந்து நகரவில்லை, இருந்த இடத்திலேயே லேசாக ஆடி நின்றது. மேலே இருந்த கேமராவுக்கும் பந்துக்கும் நடுவில் அவருடைய முதுகு. நான் இரண்டடி தூரத்தில் நின்றேன்.

பிங்க் விழுந்தது. வெள்ளை உருண்டு வந்து கறுப்புக்கு இரண்டு விரல் தள்ளி நின்றது. கறுப்பு, நடுப் பாக்கெட்டுக்கு ஏறக்குறைய நேராக இருந்தது. அதைப் போட்டால் ஆட்டம் அவருடையது, அட்டை அவருடையது. நான் அறுபத்தொன்று, ஐம்பத்தைந்து என்று சொன்னேன்.

அடைக்கலம் நிமிர்ந்தார். "ஃபௌல். கோட்டு கறுப்புல பட்டுச்சு" என்றார்.

பிரகதீஷ் திரையில் நான்கு கோணத்திலும் ஓட்டிப் பார்த்தான். பட்டதாகப் பதிவில்லை என்று கையை ஆட்டினான். விதி பதினொன்றின்படி மிச்சமிருந்த சாட்சி நான். தில்ஷாத் நாற்காலியில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். எனக்குக் கோவை ஞாபகம் வந்தது. மூன்று மிஸ், போன சுற்று, சாப்ட்டியளாக்கா. கடனைத் தீர்க்க இப்படி ஒரு சந்தர்ப்பம் இனி வராது என்று நினைத்தேன். இதை நினைத்ததற்காக இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

"நான் பார்க்கலை" என்றேன்.

"ரெஃப்ரி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"பார்க்கலை. ஆடுங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கையில் திணித்த ஒன்றை எங்கே வைப்பது என்று தெரியாத ஆளின் முழிப்புதான் இருந்தது. விட்டுக்கொடுத்து எழுந்து போகவும் முடியாது. ஜெயிக்க வழியிருக்கும்போது எழுந்தாலும் வாழ்நாள் தடைதான். சாக்பீஸை எடுத்துக் கியூ நுனியில் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குனிந்தார்.

அடைக்கலம் குனிந்தால் ஒரு நொடியில் அடித்துவிடுவார். இந்தத் தடவை எட்டு நொடி எடுத்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணாடிக்குள் வியர்வை இறங்கியது. கியூ முன்னும் பின்னும் போய் வந்தது. கடைசி அசைவில் அவருடைய மணிக்கட்டு ஒரு நூல் விலகியதை நான் பார்த்தேன். இருபத்தாறு வருடம் பார்த்த கண் அது. கறுப்பு ஓடிப் பாக்கெட்டின் உதட்டில் மோதி, வாயிலேயே வந்து நின்றது. ஊதினால் விழும்.

நான் அவர் நெற்றியைப் பார்க்கவில்லை. மூன்றாவது சிவப்பைப் பார்க்கத் தைரியமில்லை. கூட்டம் 'ஓ' என்று சத்தம் போட்டதும்தான் நிமிர்ந்தேன். பட்டை பச்சையாக எரிந்தது. மேலே திரையில் தொண்ணூற்றேழு என்று எண். பட்டை வந்த நாளிலிருந்து எண்பதைத் தாண்டியவர் இல்லை.

தில்ஷாத் வந்தாள். கறுப்பைத் தட்டினாள், விழுந்தது. அறுபத்திரண்டுக்கு அறுபத்தொன்று. அவள் சிரிக்கவில்லை. எங்கள் ஆட்டத்தில் குருட்டு அதிர்ஷ்டத்தில் பந்து விழுந்தால் எதிராளியைப் பார்த்து ஒரு கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்பார்கள். பாக்கெட் வாயில் நின்ற பந்தைப் போட்டுவிட்டு அவள் அந்தக் கையை உயர்த்தினாள்.

பிரகதீஷ் ஓடி வந்தான். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "தொண்ணூத்தேழு சார். லேப்லகூட இவ்ளோ வந்ததில்ல. அந்த நேரத்துல என்ன நெனச்சீங்க?" என்று கேட்டான். தோற்றாலும் பரவாயில்லை, நேர்மையான முயற்சி என்றால் எப்படி இருக்கும் என்று உலகத்துக்குக் காட்ட இந்த மூன்று நொடியை விளம்பரத்தில் போடலாமா என்றும் கேட்டான்.

"கார் ரிவர்ஸ் எடுக்கதை நெனச்சேன்" என்றார் அடைக்கலம். விளம்பரத்துக்கும் தலையாட்டிவிட்டார்.

சர்வீஸ் லிஃப்டுக்குப் பக்கத்தில், அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்தில் அவரைப் பிடித்தேன். பட்டையைக் கழற்றியிருந்தார். நெற்றியில் அதன் தடம் குறுக்காக ஓடியது. கையில் காகிதக் கோப்பையில் டீ.

"நீங்க பாத்தியதானக்கா?" என்றார்.

"பாத்தேன்."

"சொல்லியிருக்கலாம்."

உனக்காகத்தான் என்று ஆரம்பித்தேன். கோவையில் செய்ததற்குப் பிராயச்சித்தம் என்றேன். நீ ஏன் அந்தக் கறுப்பைப் போடாமல் விட்டாய், எத்தனை பேர் எத்தனை அநியாயம் செய்து அட்டையைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள் என்று திட்டவும் திட்டினேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு பெட்டியின் மேல் டீக்கோப்பையை வைத்தார். அதற்கு இரண்டு விரல் தள்ளி, சட்டைப் பையிலிருந்த சாக்பீஸை வைத்தார்.

"டீ வெள்ளை. இது கறுப்பு. நீங்க ஃபௌல்னு சொல்லியிருந்தா அந்தப் பிள்ளைக்கு ஏழு பாயின்ட் போயிருக்கும். பிங்க் திரும்ப அது இடத்துக்கு வந்திருக்கும்." கொஞ்சம் தள்ளி, சாக்பீஸுக்குப் பக்கவாட்டில் விரலை ஊன்றினார். "இங்கன. இப்ப டீ பக்கத்துல இருந்து பாருங்க."

குனிந்து பார்த்தேன். விரல் தெரிந்தது. ஆனால் அது பாக்கெட்டுக்குப் போகும் வழியைச் சாக்பீஸ் அடைத்தது.

"கறுப்பு குறுக்க நிக்கி. அவளுக்கு பிங்க் தெரியும், போட வழி இருந்திருக்காது. அவ கை ஏற்கெனவே உதறுது. தப்பா அடிச்சு எனக்கு வழி விட்டிருப்பா. ரெண்டு பந்தும் பதிமூணு புள்ளியா மேஜையில கெடந்திருக்கும், நான் ஏழுதான் பின்னால."

இது ஒரு கத்துக்குட்டி ரெஃப்ரிக்கும் தெரிய வேண்டிய கணக்கு. நான் அந்த நேரத்தில் மேஜையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தேன். ரெஃப்ரி செய்யக்கூடாத ஒரே வேலை அது. உண்மையைச் சொல்லியிருந்தால் அவருக்கு ஒரு நல்ல ஆட்டம் கிடைத்திருக்கும். நான் இரக்கப்பட்டு அதைப் பிடுங்கிக்கொண்டேன். கோவையில் தெரியாமல் கெடுத்தேன். இங்கே பிரியப்பட்டுக் கெடுத்தேன்.

"ஜெயிச்சிருப்பியா?" என்று கேட்டேன்.

"தெரியாதுக்கா. ஆடியிருப்பேன்."

அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல், கையுறையைக் கழற்றக்கூட இல்லாமல், அட்டைப்பெட்டிக்கு நடுவில் நின்று அழுதேன். அவர் தர்மசங்கடத்தில் டீயை என்னிடம் நீட்டினார். அப்புறம் அவராகவே சொன்னார்.

"முப்பது வருசமா பந்தை விழ வைக்கப் பழக்குன கை. விடுன்னா கேக்க மாட்டேங்கு. அதை விட வைக்கதுக்குள்ள உசுரு போயிட்டு. அந்த நாடா பொய் சொல்லலக்கா. இவ்வளவு முயற்சி நான் எதுக்குமே பண்ணுனதில்ல."

அன்று மாலையே சங்கத்துக்குக் கடிதம் எழுதினேன். கோட்டு கறுப்பில் பட்டதைப் பார்த்தேன், பார்க்கவில்லை என்று பொய் சொன்னேன், அந்த ஃபிரேமை அந்த இடத்திலிருந்து மறுபடி ஆட வைக்க வேண்டும், எனக்கு என்ன தண்டனையோ கொடுங்கள், வேண்டுமானால் அடைக்கலத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். அவர் கறுப்பை விட்டதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அதற்குத்தான் இயந்திரமே சாட்சி சொல்லிவிட்டது. இருபத்தாறு வருடத்தில் நானாகச் சொன்ன முதல் ஃபௌல் அது.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. கூடவே ஒரு சின்னப் பெட்டி. கடிதத்தை அப்படியே தருகிறேன்:

"தங்கள் கடிதம் பரிசீலிக்கப்பட்டது. விதி பதினொன்றின்படி, தாமாக முன்வந்து அளிக்கும் ஒப்புதல் வேறு சான்று இல்லாமல் ஏற்கப்படாது. கேமராப் பதிவில் அவ்வாறான தொடுகை எதுவும் காணப்படவில்லை. தாங்கள் சாட்சியாகக் குறிப்பிட்டுள்ள திரு. அடைக்கலம் தற்போது அட்டை பெற்ற வீரர் அல்லர் என்பதால் அவரது கூற்றைப் பதிவு செய்ய இயலாது. எனவே தங்கள் பணியில் குறையேதும் இல்லை எனத் தீர்மானிக்கப்படுகிறது. அடுத்த பருவம் முதல் ரெஃப்ரிகளும் மனமுனைப்பு அளவி அணிய வேண்டும். தங்களுக்கானது இத்துடன் அனுப்பப்பட்டுள்ளது."

பெட்டியைத் திறந்தேன். பட்டை என் தலை அளவுக்குச் சரியாகத்தான் இருந்தது. குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று கட்டிக்கொண்டேன். மாமியார் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் கண்ணாடியைப் பார்த்து, சங்கம் நம்பாத அந்த ஒரு வரியை வாய்விட்டுச் சொன்னேன்.

"நான் பாத்தேன்."

சொல்ல எந்தச் சிரமமும் இருக்கவில்லை. நெற்றியில் சிவப்பு எரிந்தது. முயலவில்லையாம்.